அம்மம்மாவின் கல்வெட்டுக்கு ஒரு சொல்: "பொல்லாத மனுசி" என்பதை எப்படி எழுதுவது?

சல்லிக்கரை (திங்கள், இரவு 9.40)

வணக்கம். எங்கள் அம்மம்மா இரண்டு கிழமைக்கு முன் காலமானார். 86 வயது. முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு (நினைவுப் புத்தகம்) அடிக்க வேண்டும். வாழ்க்கைக் குறிப்பு எழுதும் பொறுப்பு என் தலையில். வெள்ளிக்கிழமைக்குள் அச்சகத்தில் கொடுக்க வேண்டும்.

பிறந்தது, மணமுடித்தது, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாம் எழுதியாயிற்று. அவர் எப்படிப்பட்டவர் என்ற ஒரு வரியில்தான் மூன்று நாளாக நிற்கிறேன். "அன்பும் பண்பும் நிறைந்தவர், இன்முகத்தோடு விருந்தோம்பியவர்" என்று மாமா ஒரு வரி எழுதித் தந்திருக்கிறார். வாசித்தால் வேறு யாருடைய கல்வெட்டையோ கையில் எடுத்த மாதிரி இருக்கிறது.

அம்மம்மா அப்படி இல்லை. ஊரில் அவரைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் சொல்லும் முதல் சொல் "அது பொல்லாத மனுசி". 1964 மார்கழிச் சூறாவளியில் கிடுகுக் கூரை முழுவதும் பறந்துவிட்டது. கைக்குழந்தையாக இருந்த என் பெரியம்மாவைச் சேலையால் தன் வயிற்றோடு இறுகக் கட்டிக்கொண்டு, விடியும் வரை ஒரு மண்சுவரின் மூலையை விடாமல் நின்றவர். அப்போது அவருக்கு 26 வயது. அந்தக் குணத்துக்கு என்ன சொல் போடுவது?

கோபக்காரி இல்லை. "கண்டிப்பானவர்" என்றால் பள்ளிக்கூட அதிபர் ஞாபகம் வருகிறது. "உக்கிரமானவர்" என்றால் காளி கோயில். "கொடூரம்" எல்லாம் பக்கத்திலேயே வரக்கூடாது. தம்பி "இரும்புப் பெண்மணி" என்று போடச் சொல்கிறான். அது யார் யாருக்கோ கொடுத்துத் தேய்ந்த பட்டம், எனக்கு மனமில்லை. உதவி செய்யுங்கள்.

கோணமாமலை (திங்கள், இரவு 10.15)

ஆழ்ந்த அனுதாபங்கள், தங்கச்சி.

என் ஓட்டு ரௌத்திரத்துக்கு. பாரதியார் புதிய ஆத்திசூடியில் "ரௌத்திரம் பழகு" என்றார். கோபப்படு என்று எழுதவில்லை, பழகு என்றார். நீச்சல் பழகுவது போல, கைவந்த ஒன்றாக ஆக்கிக்கொள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். ஔவையார் தன் ஆத்திசூடியில் "ஆறுவது சினம்" என்றவர். இருவரும் ஒன்றுக்கொன்று எதிராகப் பேசினார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஔவை ஆறச் சொன்னது சினத்தை, பாரதி பழகச் சொன்னது வேறொன்றை. "கொடுமையை எதிர்த்து நில்" என்பதும் அதே ஆத்திசூடியில்தான் இருக்கிறது.

மதுரைக்காரன் (திங்கள், இரவு 10.50)

எங்கள் பக்கம் "பொல்லாதவ" என்றால் கெட்டவள், அல்லது வாய்த்துடுக்கு என்றுதான் முதலில் தோன்றும். கல்வெட்டு வெளிநாட்டுச் சொந்தங்களுக்கும் போகும் இல்லையா, அதனால் சொல்கிறேன்.

உக்கிரம் என்றால் காளி மட்டும்தானா? அகநானூற்றைத் தொகுக்கச் செய்த பாண்டியன் பெயர் உக்கிரப்பெருவழுதி. ஒரு காலத்தில் அரசனுக்கே பெருமையான பெயராக இருந்த சொல் அது. யோசித்துப் பாருங்கள்.

கரைவலை (செவ்வாய், காலை 5.30)

தம்பி மதுரை, பொல்லாத என்பது எங்களுக்கு அப்படி இல்லை. வாடை பிறந்தால் எங்கள் அப்பா கடலைப் பார்த்துவிட்டு வந்து "இண்டைக்குக் கடல் பொல்லாது" என்பார். கடலைக் கெட்டது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அந்தக் கடல்தானே எங்களுக்குச் சோறு. அதனிடம் விளையாடாதே, அவ்வளவுதான் பொருள். பொல்லாத வெயில் என்போம், பொல்லாத கெட்டிக்காரன் என்று பிள்ளையைப் புகழ்ந்தும் சொல்வோம்.

"கடல் சீற்றம்" என்பது ரேடியோவில் வருகிற சொல். 2004 இல் கடல் வந்த பிறகு அந்தச் சொல்லை எல்லோரும் எழுதினார்கள். என் காதுக்கு அது ஒட்டவில்லை. சீறுவது பாம்பு, பூனை. பயந்தால்தான் அவை சீறும். கடல் யாருக்குப் பயந்தது?

பொல்லாத மனுசி என்றே போடு, பிள்ளை. ஊருக்கு விளங்கும்.

பழைய ரீச்சர் (செவ்வாய், காலை 8.05)

மகள், சொல் தேடுவதற்கு முன் ஒரு கேள்வி. அம்மம்மா சத்தம் போடுகிறவரா? ஏசுகிறவரா? ஒரு சம்பவம் சொல்லுங்கள். சூறாவளி அல்ல, மனிதர்களோடு நடந்த ஒன்று.

கரைவலை சொன்ன சீற்றம் பற்றி ஒரு வார்த்தை. சீறு என்ற சொல்லிலேயே மூச்சு இருக்கிறது. உறுமலில் தொண்டை இருக்கிறது. நம் பழஞ்சொற்களில் பல இப்படி உடம்பில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதனால்தான் கேட்கிறேன், உங்கள் அம்மம்மாவின் குணம் உடம்பில் எங்கே இருந்தது?

சல்லிக்கரை (செவ்வாய், பகல் 12.20)

ரீச்சர், நல்ல கேள்வி. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை.

அம்மா சொன்ன கதை இது. தாத்தா கடலுக்குப் போக முடியாமல் கிடந்த ஒரு காலத்தில் அம்மம்மா தையலில்தான் வீட்டை ஓட்டினார். வட்டிக்குக் காசு கொடுத்த ஒருவர் இரண்டு பேரைக் கூட்டிவந்து தையல் மெசினைத் தூக்கச் சொன்னாராம். அம்மம்மா மெசின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். ஒரு சொல் பேசவில்லை. அழவும் இல்லை. வந்தவரின் முகத்தைப் பார்த்தபடியே நின்றார். அம்மாவுக்கு அப்போது எட்டு ஒன்பது வயது. "அவ கண்ணை மூடித் திறந்ததே எனக்கு ஞாபகம் இல்லை" என்கிறார். கடைசியில் வந்தவர்தான் பார்வையைத் திருப்பினார். மெசின் இன்னும் வீட்டில் இருக்கிறது.

பழைய ரீச்சர் (செவ்வாய், மாலை 4.45)

அப்படியென்றால் அது கண்ணில் இருந்தது. சொல் கிடைத்துவிட்டது, மகள். தறுகண்.

கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முப்பது வருடம் படிப்பித்த விஷயம்.

தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. வெகுளிதான் கோபம். அது எதனால் வருகிறது என்பதற்கு நான்கு காரணம் தருகிறது. உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. அதாவது உறுப்பை வெட்டுதல், குடிக்குத் தீங்கு செய்தல், அலைத்து வருத்துதல், கொல்லுதல். பிறர் செய்ததால் நமக்குள் எழுவது வெகுளி என்று இதிலிருந்தே தெரிகிறது.

இப்போது தறுகண் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வெகுளியில் இல்லை. "கல்வி தறுகண் இசைமை கொடை" என்று பெருமிதத்தின் நான்கில் ஒன்றாக இருக்கிறது. கல்விக்கும் கொடைக்கும் நடுவில்! ஒரு மனிதர் தலைநிமிர்ந்து நிற்பதற்கான நான்கு காரணங்களில் ஒன்று அஞ்சாத கண். நம்மை அடித்தவனால் அது வருவதில்லை. படிப்பும் ஈகையும் போல அவரிடமே இருப்பது. வகுப்பில் இந்த இடம் வரும்போதெல்லாம் நான் ஒரு நிமிடம் நிறுத்துவேன். தறுகண்ணும் கோபமும் ஒன்றல்ல என்று இவ்வளவு தெளிவாகப் பிரித்து வைத்துவிட்டு, நாம் இன்றைக்கு எல்லாவற்றையும் "கோபக்காரர்" என்ற ஒரு பைக்குள் போட்டுவிடுகிறோம்.

வள்ளுவரும் படைச்செருக்கில் கண்ணைத்தான் பிடிக்கிறார். "விழித்தகண் வேல்கொண்டு எறிய அழித்திமைப்பின் ஓட்டன்றோ வன்க ணவர்க்கு" (775). பகைவரைப் பார்த்து விழித்த கண், அவர்கள் வேலை எறியும்போது இமைத்துவிட்டால் அதுவே தோற்று ஓடியதற்குச் சமம். உங்கள் அம்மா சொன்னது அப்படியே இதுதான்.

இன்னும் இரண்டு குறள் முன்னால் போங்கள்.

"பேராண்மை என்ப தறுகண்ஒன் றுற்றக்கால்
ஊராண்மை மற்றதன் எஃகு" (773)

தறுகண் பெரிய ஆண்மைதான். ஆனால் அந்தப் பகைவனுக்கே ஒரு கேடு வந்தால் அவனுக்கு உதவுவதுதான் அதன் கூர்முனை. எஃகு என்கிறார். முனை இல்லாத வேலை வெறும் கம்பாகத்தான் நான் பார்ப்பேன்.

சல்லிக்கரை (செவ்வாய், இரவு 8.30)

ரீச்சர், நீங்கள் கடைசியாக எழுதிய குறளை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இதுவரை எனக்குச் சொல்லாத ஒன்றைச் சொன்னார். அந்த வட்டிக்காரர் பின்னாளில் வியாபாரம் நொடிந்து படுக்கையில் விழுந்தாராம். ஆறு மாதம் அவருக்குக் காலையில் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தது அம்மம்மா. யாரும் கேட்டால் "சட்டி கழுவ வேணும், வழியை விடு" என்பாராம்.

இப்போதைக்கு இவ்வளவுதான் எழுத முடிகிறது.

கோணமாமலை (செவ்வாய், இரவு 8.55)

ரௌத்திரத்தை வாபஸ் வாங்குகிறேன். இது வேறு.

தம்பலகாமம் வயல் (செவ்வாய், இரவு 11.10)

எல்லாம் நல்லது. ஆனால் ரீச்சரோடு ஒரு இடத்தில் முரண்படுகிறேன். அகராதியை எடுத்துப் பாருங்கள், தறுகண்மைக்குக் கொடுமை என்றும் ஒரு பொருள் போட்டிருக்கும். கல்வெட்டை வாசிக்கிற நூறு பேரில் ஐந்து பேருக்குத்தான் இந்தச் சொல் தெரியும், அந்த ஐந்து பேரில் ஒருவர் அகராதியைப் பார்த்தாலும் பிழையாகிவிடும்.

இன்னொன்று. எங்கள் வயல் பக்கம் தனியன் யானை இறங்கும். கூட்டத்தோடு வருவதைவிடத் தனியனுக்குத்தான் பயம். வெள்ளாமையைக் காக்கக் காவல் கொட்டிலில் இரவு முழுக்க இருந்தவன் நான். மதம் கொண்ட யானையின் மூர்க்கத்தைப் பார்த்திருக்கிறேன், அதற்குக் கண்ணில் எதிரே நிற்பது மனிதனா மரமா என்ற கணக்கே இல்லை. குட்டி நிற்கும்போது தாய் யானை வருகிற வரவும் பார்த்திருக்கிறேன். அது நேரே நம்மைப் பார்த்துத்தான் வரும், நாம் விலகினால் நின்றுவிடும். இரண்டையும் ஒரே சொல்லால் சொல்வது தப்பு. இந்த அம்மா இரண்டாவது.

பழைய ரீச்சர் (புதன், காலை 7.20)

தம்பலகாமம் தம்பி சொல்வது நியாயம். ஒப்புக்கொள்கிறேன். இந்தச் சொற்களுக்கு இரண்டு முகம் உண்டு, வள்ளுவரிடமே உண்டு. வன்கண் என்ற சொல்லை அவர் எப்படியெல்லாம் வைக்கிறார் என்று பாருங்கள். அமைச்சனுக்கு வேண்டிய குணங்களில் முதலாவதாக வைக்கிறார் (632). போர்க்களத்தில் இமைக்காத வீரர் வன்கணவர் (775). கொடுத்து மகிழாமல் சேர்த்துவைத்து இழக்கிறவரும் வன்கணவர் (228). காதலியிடம் பிரிவைச் சொல்லத் துணிகிறவரும் வன்கண்ணர் (1156). சொல் ஒன்றுதான். அந்தக் கண் எதைக் காக்க நிற்கிறது என்பதில்தான் வேறுபாடு.

கொடுமையை மட்டும் இதில் கலக்காதீர்கள். கொடு என்றால் வளைவு. கொடுங்கோல் வளைந்த கோல், செங்கோல் நேரான கோல். "கணைகொடிது யாழ்கோடு செவ்விது" (279) என்று வள்ளுவர் அந்த வளைவையே புரட்டிப் போடுகிறார். அம்பு உருவில் நேர், செயலில் கொடியது. யாழின் தண்டு உருவில் வளைவு, செயலில் செம்மை. ஆளைத் தோற்றத்தால் எடைபோடாதே, செய்கையால் எடைபோடு என்கிறார். ஊர் "பொல்லாத" என்று சொன்ன அம்மாவுக்கு இந்தக் குறள் பொருத்தம்.

பொல்லாத என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. நம்பியாண்டார் நம்பியின் ஊரான திருநாரையூரில் இருப்பவர் பொள்ளாப் பிள்ளையார். பொள்ளுதல் என்றால் துளைத்தல், செதுக்குதல். பொள்ளாத என்றால் உளி படாதவர், தானாகத் தோன்றியவர். மக்கள் வாயில் அது பொல்லாப் பிள்ளையாராகிவிட்டது. அந்தப் பெயரால் யாரும் அவரைக் கும்பிடாமல் விடவில்லை.

மதுரைக்காரன் (புதன், காலை 9.00)

மூர்க்கம் என்றதும் எனக்கு மூர்க்க நாயனார் நினைவு வந்தார். அறுபத்துமூவரில் ஒருவர். அடியார்களுக்குச் சோறு போடக் காசில்லாமல் சூதாடியவர், ஆட்டத்தில் பொய் சொன்னவரைச் சுரிகையால் குத்தியவர். அதனால் வந்த பெயர். அந்தக் காசைத் தன் கையால்கூடத் தொடாமல் அன்னத்துக்கே கொடுத்து, அடியார் உண்ட பிறகு கடைசிப் பந்தியில் உண்டவர் என்கிறது பெரியபுராணம். "மூர்க்கனும் முதலையும் கொண்டது விடா" என்ற பழமொழியைத் திட்டாகத்தான் சொல்வோம். கொண்டது விடாமை என்பதை மட்டும் எடுத்துப் பார்த்தால், சூறாவளியில் சுவர் மூலையை விடாத அம்மாவும் அப்படித்தானே.

கிண்ணியாத் துறை (புதன், பகல் 1.35)

எல்லோரும் பெரிய பெரிய சொல்லாகத் தேடுகிறீர்கள். வீட்டில் இருக்கிற சொல்லை விட்டுவிட்டீர்களே. ஓர்மம்.

எங்கள் உம்மம்மாவும் இந்த மாதிரித்தான். 2004 க்குப் பிறகு முகாமில் இருந்து முதலில் வீட்டு மண்ணுக்குத் திரும்பியவர் அவர்தான். கதவும் இல்லை, கிணறும் உப்பு. "என்னத்த நம்பி வந்தீங்க" என்று வாப்பா கேட்டதற்கு ஒரு தும்புத்தடியை எடுத்து முற்றத்தைக் கூட்டத் தொடங்கினார். அன்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது: "ஓர்மமான பொம்புள."

மதுரைக்காரன் (புதன், பகல் 2.10)

ஓர்மம்? எங்கள் பக்கம் காதில் விழுந்ததில்லை. வைராக்கியமா?

கரைவலை (புதன், மாலை 6.00)

வைராக்கியத்தில் வேண்டாம் என்று விலகுவது இருக்கிறது. ஓர்மத்தில் விடமாட்டேன் என்று நிற்பது இருக்கிறது. துணிச்சல் ஒரு நிமிடத்துக்கு வரும், ஓர்மம் வருடக்கணக்கில் நிற்கும். கறுவம் வைத்திருப்பவனுக்கும் அது வருடக்கணக்கில் நிற்கும்தான், ஆனால் அவன் நெஞ்சில் பழி இருக்கும். ஓர்மக்காரருக்குப் பழி கிடையாது. புயலில் என்ஜின் நின்ற போட்டைத் துடுப்பால் கரைக்குக் கொண்டுவந்தவனைப் பார்த்து நாங்கள் சொல்கிற சொல் இது. கிண்ணியாத் தம்பிக்கு நன்றி, நாக்கு நுனியில் இருந்தும் எனக்கு வரவில்லை.

பழைய ரீச்சர் (புதன், மாலை 6.40)

இதைவிட நல்ல சொல் இல்லை. கறுவம் என்றதும் தொல்காப்பிய உரியியலில் "கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள" என்று வரும் அடி ஞாபகம் வந்தது. சிவப்பது சட்டென்று எரிவது, கறுப்பது உள்ளே கிடந்து புகைவது என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்வேன். அதே உரியியலில் "வெம்மை வேண்டல்" என்றும் ஒரு சூத்திரம். வெம்மைக்கு விருப்பம் என்று பொருள். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணற்றிலும் தண்ணீர் அள்ளி ஊற்றியவர்களுக்கு இது உடம்பாலேயே விளங்கும். சுடுகிற எல்லாமே சினம் இல்லை. வேண்டும் என்ற பற்றும் சுடும்.

கிழக்கில் வைகாசியில் கண்ணகி அம்மனுக்குக் குளிர்த்தி பாடுகிறோம். மதுரையை எரித்தவளை இங்கே யாரும் ஒதுக்கவில்லை, திட்டவும் இல்லை. குளிர்ந்தருளும் தாயே என்று தண்ணீரும் வேப்பிலையுமாகக் கூப்பிடுகிறோம். அவளுடைய சூடு நியாயத்தால் வந்தது என்று ஊருக்குத் தெரியும். குளிரவைப்பது நம் வேலை என்பதும் தெரியும். உங்கள் அம்மம்மாவைக் குளிரவைக்க யாராவது இருந்தார்களா, மகள்?

சல்லிக்கரை (வியாழன், இரவு 10.05)

ரீச்சர், இருந்தோம். கடைசி இரண்டு வருடம் வெள்ளிக்கிழமைகளில் நான்தான் அவருக்குத் தலையில் நல்லெண்ணெய் வைத்துத் தோய வார்ப்பேன். அப்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டு இருப்பார்.

எழுதிவிட்டேன். இதுதான் அச்சுக்குப் போகிறது:

"ஊரார் இவரைப் பொல்லாத மனுசி என்பர். அந்தச் சொல்லை நாங்கள் மாற்ற விரும்பவில்லை. 1964 ஆம் ஆண்டுச் சூராவளி இரவில் கைக்குழந்தையைத் தன்னோடு கட்டிக்கொண்டு விடியும்வரை நின்றவர். தன் தையல் மெசினைத் தூக்க வந்தவரைப் பார்வையால் திருப்பி அனுப்பியவர். அதே மனிதர் நோயில் விழுந்தபோது ஆறு மாதம் கஞ்சி கொடுத்தவர். குரல் உயர்த்தாதவர். கண் தாழ்த்தாதவர். ஓர்மம் மிக்கவர்."

மாமா இரண்டு முறை வாசித்தார். "விருந்தோம்பியவர்" போய்விட்டதே என்று கேட்பார் என்று பயந்துகொண்டு நின்றேன். "மெசின்ர படத்தையும் போடுவமா?" என்று கேட்டார்.

பழைய ரீச்சர் (வியாழன், இரவு 10.30)

போடுங்கள். அப்புறம், "சூராவளி" என்று விழுந்திருக்கிறது. வல்லின றகரம் வர வேண்டும். காலையில் அச்சகம் திறக்க முன் திருத்திவிடுங்கள், மகள்.